அலெக்சாண்ட்ரா சாலையின் இரண்டு பீர் ஆலைகள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் சிங்கப்பூரின் பழைய பீர் நிறுவனமான மலாயன் புரூவரீஸ் பற்றிச் சிறு குறிப்பு ஒன்று வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு எழுதியவர்களில் பலர், அப்பாவோ தாத்தாவோ கிராணியாக (அலுவலக எழுத்தராக) வேலை பார்த்து ஓய்வு பெற்றபோது வீட்டுக்கு வந்து சேர்ந்த கடிதக் கட்டுகளை வைத்திருப்பவர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

டைகர் பீரும் ஆங்கர் பீரும் ஒரே ஆலையில் தொடங்கியவைதானே? எங்கள் வட்டாரத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள்.
*– புக்கிட் மேரா வாசகர்*

இல்லை, இரண்டும் போட்டியாளர்களாகப் பிறந்தவை. சோடா தயாரித்த ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனமும் நெதர்லாந்தின் ஹைனக்கனும் கூட்டுச் சேர்ந்து 1931இல் மலாயன் புரூவரீஸைத் தொடங்கின. அடுத்த ஆண்டே, 1932இல், அலெக்சாண்ட்ரா சாலை ஆலையிலிருந்து டைகர் சந்தைக்கு வந்தது. ஆங்கரைக் காய்ச்சியது ஆர்கிபெலகோ புரூவரி கம்பெனி (ஏ.பி.சி.). அதற்குப் பின்னால் நின்றது ஜெர்மனியின் பெக்ஸ் பீர் நிறுவனம். அதுவும் அதே சாலையில் ஆலை கட்டி 1933இல் ஆங்கரை வெளியிட்டது. ரப்பர் விலை படுத்துக் கிடந்த நேரத்தில் ஒரே சாலையில் இரண்டு ஆலைகள் எழுந்தன என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் காலத்துக் கடிதங்களில் விலையையும் தள்ளுபடியையும் பற்றி ஏன் அவ்வளவு பேச்சு என்பது புரியும். இடமும் தோதான இடம். மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), ஹாப்ஸ் (கசப்பு தரும் பூ), பாட்டில் மூடி எல்லாம் கப்பலில் வந்தாக வேண்டும். கெப்பல் துறைமுகம் பக்கத்திலேயே இருந்தது.

1939 செப்டம்பரில் போர் மூண்டதும் ஆர்கிபெலகோ எதிரி நாட்டுச் சொத்தாகிவிட்டது. 1941இல் மலாயன் புரூவரீஸ் அதை வாங்கியது. ஆங்கர் என்ற பெயரும் ஏ.பி.சி. ஸ்டவுட் என்ற பெயரும் நிலைத்தன. நீங்கள் சொல்லும் 'ஒரே ஆலை' என்ற எண்ணம் 1941க்குப் பிந்தைய நினைவிலிருந்து வந்திருக்க வேண்டும்.

1990இல் மலாயன் புரூவரீஸ் 'ஏஷியா பசிபிக் புரூவரீஸ்' என்று பெயர் மாறி, துவாஸுக்கு இடம் பெயர்ந்தது. 2012இல் அந்த நிறுவனத்தில் ஃபிரேசர் அண்ட் நீவ் வைத்திருந்த பங்குகளை, பங்கு ஒன்றுக்கு 53 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) கொடுத்து ஹைனக்கன் வாங்கியது. ஃபிரேசரும் நீவும் முதலில் அச்சுத் தொழிலில் இருந்தவர்கள். சோடா நிறுவனம் 1883இல்தான் தொடங்கியது, பீருக்கு வர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. உங்கள் கட்டில் 1900ஐ ஒட்டிய ஃபிரேசர் அண்ட் நீவ் கடிதம் இருந்தால் அதில் பீர் ஆலையைத் தேட வேண்டாம்.

தாத்தா வைத்துவிட்டுப் போன கட்டில் பாதிக் கடிதங்களுக்குத் தேதி இல்லை, சில கிழிந்துவிட்டன. காலத்தை எப்படிக் கணிப்பது?
*– ஈசூன் வாசகி*

கடிதத் தலைப்பில்தான் தொடங்க வேண்டும், உள்ளடக்கத்துக்கு அப்புறம் போகலாம். 'மலாயன் புரூவரீஸ்' என்ற பெயர் இருந்தாலே 1931க்கும் 1990க்கும் இடைப்பட்டது. அந்த இடைவெளியை முகவரியைக் கொண்டு சுருக்கலாம்.

'அலெக்சாண்ட்ரா சாலை, சிங்கப்பூர்' என்று மட்டும் அச்சாகியிருந்தால் பெரும்பாலும் 1950க்கு முந்தையது. அந்த ஆண்டில்தான் தபால் வட்டார எண்கள் வந்தன. 'சிங்கப்பூர் 3' என்றிருந்தால் 1950க்கும் 1979க்கும் இடையில். '03' என்று தொடங்கும் நான்கு இலக்க எண் இருந்தால் 1979க்குப் பிறகு. ஆறு இலக்க எண் 1995 செப்டம்பரில்தான் வந்தது. ஆகவே மலாயன் புரூவரீஸ் பெயரும் ஆறு இலக்க எண்ணும் ஒரே தாளில் அச்சாகியிருக்க வழியில்லை. அப்படி ஒன்றை உங்களிடம் யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். 'ஆர்.எஸ்.' என்ற எழுத்துகளோடு டெலக்ஸ் எண் இருந்தால் போருக்குப் பிந்தைய காலத்தைப் பாருங்கள். தந்தி முகவரி மட்டும் இருந்தால் அதற்கும் முந்தையது.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. அச்சடித்த தாள் தீரும்வரை பழைய தலைப்பையே பயன்படுத்துவார்கள். தபால் எண் மாறிய ஓரிரு ஆண்டுகளுக்குப் பிறகும் பழைய தாளில் எழுதிய கடிதம் கிடைக்கலாம். தலைப்பு 'இதற்கு முன்னால் இருக்க முடியாது' என்று உறுதியாகச் சொல்லும். 'இதற்குப் பின்னால் இருக்க முடியாது' என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லாது.

அடுத்தது பணம். 1939 வரை நீரிணைக் குடியேற்ற வெள்ளி, பிறகு மலாயா வெள்ளி, 1953 முதல் மலாயா – பிரிட்டிஷ் போர்னியோ வெள்ளி, 1967 ஜூன் 12 முதல் சிங்கப்பூர் வெள்ளி. கடிதத்தில் எல்லாமே வெறும் வெள்ளிக் குறியாகத்தான் இருக்கும். உடன் இணைத்த ரசீதில் ஒட்டிய தபால்தலை இங்கே கைகொடுக்கும். போர் முடிந்த பிறகு, பழைய நீரிணைக் குடியேற்றத் தபால்தலைகளின்மேல் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்தின் முத்திரை எழுத்துகளை அச்சடித்து 1948 வரை பயன்படுத்தினார்கள்.

கடைசியாக இடது மேல் மூலையைப் பாருங்கள். 'எங்கள் குறிப்பு' என்ற இடத்தில் சாய்கோட்டுக்கு இருபுறமும் எழுத்துகள் இருக்கும். முதலில் வருவது கடிதத்தைச் சொன்ன அதிகாரியின் பெயரெழுத்து, பின்னால் வருவது தட்டச்சு செய்தவரின் பெயரெழுத்து. கையெழுத்து அதிகாரியுடையது. தட்டச்சு செய்த கிராணியின் தடம் அந்த இரண்டு எழுத்துகளில் மட்டுமே இருக்கும். உங்கள் தாத்தாவின் எழுத்துகள் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை வருகின்றன என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். அவர் எந்தப் பிரிவில் எத்தனை காலம் இருந்தார் என்பது அதிலிருந்தே தெரியவரும். தேதியில்லாத கடிதங்களையும் அதை வைத்தே வரிசைப்படுத்தலாம்.

சில பட்டியல்களில் 2603, 2604 என்று எண்கள். ஆண்டா, விலைச்சீட்டு எண்ணா?
*– தெம்பனிஸ் வாசகர்*

ஆண்டுதான். ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் ஜப்பானிய ஆண்டுக்கணக்கு புழங்கியது. 660ஐக் கழித்தால் நம் ஆண்டு வந்துவிடும்: 2602 என்றால் 1942, 2605 என்றால் 1945. ஊர்ப்பெயர் 'சியோனான்' என்றிருக்கும். கடிகாரத்தையும் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளித் தோக்கியோ நேரத்துக்கு வைத்தார்கள். தந்தியிலோ சரக்கு வரவுச் சீட்டிலோ மணி குறித்திருந்தால் இதை நினைவில் வைத்துப் படியுங்கள். தொகைகள் வாழைமரப் பண நோட்டுக் கணக்கில் இருக்கும். அவற்றைப் போருக்கு முந்தைய விலையோடு ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே கொண்டுபோகும்.

கடிதங்களில் பாதிச் சொற்கள் புரியவில்லை. 'இன்ஸ்ட்', 'அல்ட்', 'புராக்ஸ்' என்கிறார்கள். ஒரு தந்தியில் அர்த்தமே இல்லாத பத்துப் பத்து எழுத்துகள்.
*– ஜூரோங் வாசகி*

'இன்ஸ்ட்' என்றால் நடப்பு மாதம், 'அல்ட்' சென்ற மாதம், 'புராக்ஸ்' வரும் மாதம். 1936 ஜனவரி 3ஆம் தேதியிட்ட கடிதம் '28 அல்ட்' என்று சொன்னால் அது 1935 டிசம்பர் 28. ஆண்டு மாறும் இந்த இடத்தில்தான் அட்டவணை போடுகிறவர்கள் வழுக்கி விழுகிறார்கள். கையெழுத்துக்கு முன்னால் 'பெர் புரோ' என்றிருந்தால் மற்றொருவர் சார்பாகக் கையெழுத்திட்டிருக்கிறார். விலைச்சீட்டின் அடியில் வரும் 'ஈ. அண்ட் ஓ.ஈ.' என்பது, கணக்கில் பிழையோ விடுபடலோ இருந்தால் பிறகு திருத்திக்கொள்ளும் உரிமை உண்டு என்ற அறிவிப்பு. 'எஃப்.ஓ.பி.' என்ற விலையில் கப்பலில் ஏற்றும் வரையுள்ள செலவு மட்டும் அடங்கும். 'சி.ஐ.எஃப்.' என்றால் காப்புறுதியும் கப்பல் கூலியும் சேர்ந்தது. ஒரே மால்ட்டுக்கு இரண்டு கடிதங்களில் இரண்டு விலை இருந்தால் முதலில் இந்த எழுத்துகளைப் பாருங்கள்.

தந்தியில் நீங்கள் பார்ப்பது குறிச்சொற்கள். தந்திக்குச் சொல் கணக்கில் கட்டணம். அதனால் 'உங்கள் கடிதம் கிடைத்தது, சரக்கை உடனே அனுப்பவும்' போன்ற முழு வாக்கியத்துக்கு ஐந்தெழுத்துக் குறி ஒன்றை வைத்துக்கொண்டார்கள். இரண்டு குறிகளை ஒட்டினால் பத்தெழுத்து, கட்டணம் ஒரு சொல்லுக்குத்தான். பென்ட்லி குறிநூலும் ஏ.பி.சி. குறிநூலும் பரவலாகப் புழங்கியவை. எந்த நூல், எந்தப் பதிப்பு என்பது கடிதத் தலைப்பிலேயே அச்சாகியிருக்கும். பதிப்பு மாறினால் பொருள் மாறிவிடும், அதைச் சரிபார்க்காமல் பிரிக்கத் தொடங்க வேண்டாம். பத்தெழுத்தை நடுவில் வெட்டி ஐந்து ஐந்தாகத் தேடுங்கள். நூல் கிடைக்காவிட்டாலும் வழி உண்டு. தந்தி அடித்த கையோடு அதை உறுதிப்படுத்தித் தபாலிலும் எழுதுவது வழக்கம். அடுத்த ஓரிரு நாள் தேதியிட்ட கார்பன் நகலைப் புரட்டுங்கள், தந்தியின் விளக்கம் அதில் இருக்கலாம்.

தலைப்பில் 'குறிகள்: ஏ.பி.சி.' என்று அச்சாகியிருப்பதைப் பார்த்து, ஆர்கிபெலகோ புரூவரி கம்பெனியோடு தொடர்புள்ள கடிதம் என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது குறிநூலின் பெயர். துணி வியாபாரியின் தாளிலும் அதே வரி இருக்கும்.

ஒரு பட்டியலில் 'குவார்ட்', இன்னொன்றில் 'பேரல்', வேறொன்றில் 'ஹெக்டோலிட்டர்'. எப்படி ஒப்பிடுவது? பிரிட்டிஷ் பவுனை (பவுண்டை) வெள்ளியாக்குவது எப்படி?
*– செங்காங் வாசகர்*

எல்லாவற்றையும் காலனுக்குக் கொண்டுவாருங்கள். பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டர், பேரல் 36 காலன், ஹெக்டோலிட்டர் 100 லிட்டர், அதாவது 22 காலன். பாட்டில் வணிகத்தில் சொல்லும் குவார்ட் காலனில் ஆறில் ஒரு பங்கு, ஏறத்தாழ 758 மில்லி லிட்டர். பைண்ட் அதில் பாதி. அகராதியைப் பார்த்துக் காலனில் நான்கில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டால் கணக்கு ஒன்றரை மடங்காகிவிடும்.

இந்த அளவில் 4 டஜன் குவார்ட் சரியாக 8 காலன். 8 டஜன் பைண்டும் 8 காலன். ஒரு பேரலில் 18 டஜன் குவார்ட், ஒரு ஹெக்டோலிட்டரில் 11 டஜன். 18, 11 என்ற இந்த இரண்டு எண்கள் போதும், காகிதமே இல்லாமல் மனக்கணக்காகப் போட்டுவிடலாம்.

பவுன் கணக்கு அதைவிடச் சுலபம். 1906 முதல் ஒரு வெள்ளி 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று கட்டப்பட்டிருந்தது. 7 பவுனுக்கு 60 வெள்ளி. 350 பவுன் விலைச்சீட்டு என்றால் 3,000 வெள்ளி. ஹைனக்கனோடு நடந்த கணக்கு நெதர்லாந்து கில்டரில் இருந்தால் இந்த விகிதம் உதவாது. பிரிட்டன் 1931 செப்டம்பரில் தங்க அளவையைக் கைவிட்டது, நெதர்லாந்து 1936 செப்டம்பர் வரை பிடித்துக்கொண்டிருந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பவுனின் கில்டர் மதிப்பு மாறிக்கொண்டே இருந்தது. அந்தந்த மாதத்து விகிதத்தைப் பழைய நாளிதழின் வணிகப் பக்கத்தில் தேடி எடுக்க வேண்டும்.

தமிழ்ப் பத்திரிகையில் மது ஆலைக்கு இவ்வளவு இடம் தேவையா?
*– தோ பாயோ வாசகர்*

உங்கள் மனக்குறை புரிகிறது. டைகர் வெளிவந்த அதே 1932இல்தான் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானது. கள்ளுக்கடைகளால் சீரழிந்த குடும்பங்களைப் பார்த்து, குடிக்கு எதிராகப் பேசியவர்கள் அவர்கள். அந்த வரலாற்றையும் மதித்தே எழுதுகிறோம். பீரைப் பரிந்துரைப்பது எங்கள் நோக்கமில்லை. ஆனால் ஆலையில் கணக்கெழுதியவர்கள், சரக்கு ஏற்றியவர்கள், காலி பாட்டில் சேகரித்த காராங்குனிக்காரர்கள் இவர்களின் உழைப்பைப் பற்றி எழுத்தில் எஞ்சியிருப்பது இந்தக் கடிதங்கள்தான். விளம்பரச் சுவரொட்டிகளை எல்லாரும் சேர்த்து வைக்கிறார்கள். 'காலி பாட்டில் 14 டஜன் குறைகிறது' என்று எழுதிய கடிதத்தை யாரும் சேர்ப்பதில்லை. எங்களுக்கு அதுதான் முக்கியம்.

என்னிடம் இருப்பவை பெரும்பாலும் கடைக்காரர்களின் புகார்க் கடிதங்கள். 'கலங்கல்', 'நாற்றம்', 'குறைவாக இருக்கிறது', 'வெடித்துவிட்டது' என்று இருக்கின்றன. அப்படி என்ன நடந்திருக்கும்?
*– உட்லண்ட்ஸ் வாசகர்*

நல்ல தொகுப்பு உங்களிடம் இருக்கிறது. ஆலையில் என்ன நடந்தது என்பதை அதன் புகார்க் கோப்பு சொல்வது போல வேறெதுவும் சொல்லாது.

முதலில் செய்முறை. லாகர் வகை பீருக்குக் குளிர் வேண்டும். அடியில் படியும் ஈஸ்ட் ஏறத்தாழ 8 முதல் 12 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம், பத்து நாள் நொதிக்கும். பிறகு உறைநிலையை ஒட்டிய குளிரில் பல வாரம் தெளிய விட வேண்டும். நிழலிலேயே 30 டிகிரி அடிக்கும் ஊரில் இது முழுக்கக் குளிரூட்டும் இயந்திரத்தை நம்பிய வேலை. இயந்திரம் சில மணி நேரம் நின்றாலே நொதிப்பு வேகமெடுத்து, பழவாடை போன்ற வேண்டாத மணங்கள் ஏறிவிடும். மால்ட்டும் ஹாப்ஸும் வாரக்கணக்கில் கப்பலில் வந்தன. மால்ட்டின் ஈரம் 4, 5 விழுக்காட்டில் நிற்க வேண்டும். கடற்காற்றில் ஈரம் இழுத்தால் நொறுங்காமல் தொய்ந்துபோகும், அரைக்கும்போதே தெரிந்துவிடும். ஹாப்ஸ் வெப்பத்தில் கசப்பை இழந்து பாலாடைக்கட்டி வாடை அடிக்கும். ஐரோப்பாவுக்குப் போன கடிதங்களில் மூட்டையின் உள்ளுறை பற்றிப் பேச்சு வந்தால் காரணம் இதுதான்.

இனி புகார்கள். 'கலங்கல்' என்பது இரண்டு வகை. ஐஸில் வைத்தபோது கலங்கி, வெளியே வைத்ததும் தெளிந்தால் அது புரதமும் மால்ட்டின் துவர்ப்புப் பொருளும் குளிரில் சேர்வதால் வருவது. உடம்புக்குக் கெடுதல் இல்லை. வெளியே வைத்தும் தெளியாமல், புளிப்பும் சேர்ந்திருந்தால் கிருமி புகுந்திருக்கிறது. பாட்டிலை நிரப்பி மூடிய பிறகு 60 டிகிரியில் 20 நிமிடம் போலச் சூடாக்கும் கட்டம் சரியாக நடக்கவில்லை, அல்லது திரும்பி வந்த பாட்டில் சரியாகக் கழுவப்படவில்லை. கழுவுவதற்குச் சூடான காஸ்டிக் சோடாக் கரைசல் பயன்படும். கரைசல் நீர்த்துப்போனாலோ சூடு குறைந்தாலோ, அடியில் காய்ந்து ஒட்டிய அழுக்கு அப்படியே நின்றுவிடும். காலி பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்த வீட்டிலிருந்து அது திரும்பி வந்தால் எந்தக் கரைசலும் அந்த வாடையை எளிதில் போக்காது.

'நாற்றம்' என்று வெறுமனே எழுதியிருந்தால் பாட்டிலின் நிறத்தைக் கேட்டிருக்கிறார்களா என்று பதில் கடிதத்தில் பாருங்கள். வெயில் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து கந்தக வாடை கிளம்பும். பச்சை, வெள்ளைப் பாட்டில்களில் இது சீக்கிரம் நடக்கும், பழுப்புப் பாட்டில் பெருமளவு தடுக்கும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வேறு. கிட்டங்கியின் சூட்டில் நீண்ட நாள் கிடந்த சரக்கில் காற்று வேலை செய்வதால் வருவது.

'குறைவு' என்றால் நிரப்பும்போதே குறைந்ததா, மூடி கசிந்ததா என்று பிரிக்க வேண்டும். அந்தக் காலத்து மூடியின் உள்ளே மெல்லிய கார்க் வில்லை இருக்கும். அது காய்ந்து சுருங்கினால் வாயு போய், திரவமும் கசியும். கசிந்த பாட்டிலில் மூடியைச் சுற்றித் துருவும் பிசுக்கும் இருக்கும், நிரப்பும்போது குறைந்ததில் மூடி சுத்தமாக இருக்கும். 'வெடித்தது' என்பதற்கு நேர் எதிரான காரணம் இருக்கலாம்: மேலே இடைவெளி விடாமல் நிரப்பினால் சூட்டில் திரவம் விரிந்து பாட்டிலை உடைத்துவிடும். பலமுறை திரும்பி வந்து அடிப்பாகத்தைச் சுற்றி வெள்ளைக் கீறல் வளையம் விழுந்த பாட்டிலும் தாங்காது.

உங்கள் கடிதங்களைப் பட்டியலிடும்போது ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரம் எடுங்கள்: விலைச்சீட்டு எண், பாட்டிலில் அடைத்த தொகுதிக் குறி, எத்தனை பெட்டியில் எத்தனை பாட்டில் கெட்டது, கடையில் எங்கே வைத்திருந்தார்கள். ஒரே தொகுதிக் குறி பல கடைகளிலிருந்து வந்தால் கோளாறு ஆலையில். ஒரே கடையிலிருந்து பல தொகுதிகள் வந்தால் கோளாறு கடையில். ஆலையின் பதில் 'மாதிரி சோதிக்கப்பட்டது' என்று சொன்னால் அது திறக்காத பாட்டிலா என்று பாருங்கள். திறந்த பாட்டிலில் செய்த சோதனையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இவற்றை எப்படிப் பாதுகாப்பது? இப்போது பாம் ஷெல்டரில் அட்டைப்பெட்டிக்குள் இருக்கின்றன.
*– பொங்கோல் வாசகி*

முதல் வேலையாக அங்கிருந்து எடுத்துவிடுங்கள். காற்றோட்டம் இல்லாத அறை, கான்கிரீட் சுவர், தரையில் அட்டைப்பெட்டி: பூஞ்சைக்கும் ராமபாணப் பூச்சிக்கும் இதைவிட வசதியான இடம் கிடைக்காது. படுக்கையறை அலமாரியின் நடுத்தட்டு நல்லது. சமையலறை, குளியலறைச் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். புகைப்படக் கருவிக்கு விற்கும் ஈரம் நீக்கும் பெட்டி ஒன்று வாங்க முடிந்தால் ஈரப்பதத்தை 45 முதல் 50 விழுக்காட்டில் வையுங்கள். 35க்குக் கீழே இறக்கினால் பழைய தாள் மொறமொறத்து உடையும். பகலில் ஏர்கானை அணைத்து இரவில் போடும் அறையில் ஈரப்பதம் ஏறி இறங்கும். ஒரே நிலையான ஈரத்தைவிட அது அதிகக் கெடுதல் செய்யும்.

பூச்சி இருந்தால் மருந்து அடிக்காதீர்கள், கற்பூர உருண்டையும் வேண்டாம். கட்டை இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் காற்றை வெளியேற்றி ஒட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இல்லாவிட்டால் பனித்துளி தாளில் இறங்கி மை பரவிவிடும்.

பூஞ்சை ஈரமாகப் பிசுபிசுத்தால் தொட வேண்டாம். தனியே விரித்து, மின்விசிறிக் காற்று நேராகப் படாமல் காயவிடுங்கள். பொடியாக உலர்ந்த பிறகு என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு மென்மையான தூரிகையால் ஒரே திசையில் தள்ளுங்கள். வெயிலில் உலர்த்தும் பழக்கம் நம்மிடம் உண்டு. கார்பன் நகலுக்கு அது பரவாயில்லை என்று தோன்றும், ஊதா நிறப் படி எடுத்த தாளை மதியத்துக்குள் வெளுக்க வைத்துவிடும்.

துருப்பிடித்த ஸ்டேப்பிளைப் பிடுங்கக் கூடாது. தாளைக் கவிழ்த்து, ஸ்டேப்பிளின் மடிந்த கால்களுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டை நுழைத்து, மழுங்கிய கத்தியால் ஒவ்வொரு காலாக நிமிர்த்தி, பிறகு முன்பக்கம் வழியாக எடுங்கள். கிழிசலுக்கு செலோடேப் வேண்டவே வேண்டாம். லேமினேட் செய்யாதீர்கள், திரும்ப எடுக்கவே முடியாது. உறை வாங்கும்போது பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள். பி.வி.சி. உறை தட்டச்சு மையை உரித்தெடுத்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, கட்டு எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த வரிசையைக் கலைக்காமல் இருப்பது. தேதிவாரியாக அடுக்கத் தோன்றும், அடுக்காதீர்கள். கடிதம், அதற்குக் கீழே பதிலின் நகல், அதற்குக் கீழே ரசீது என்று கிராணி வைத்த ஒழுங்கே எது எதற்குப் பதில் என்பதற்குச் சான்று. ஒவ்வொரு தாளின் பின்புறக் கீழ்மூலையில் 2பி பென்சிலால் எண் போட்டுவிட்டு, தேதிவாரிப் பட்டியலைத் தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வருடும்போது (ஸ்கேன் செய்யும்போது) அங்குலத்துக்கு 300 புள்ளி, கார்பன் நகலுக்கு 400 புள்ளி, வண்ணத்தில். பின்பக்கத்தையும் எடுங்கள். 'பெறப்பட்டது' சாப்பும் பென்சில் கணக்கும் அங்கேதான் இருக்கும்.

மெல்லிய தாள் புத்தகம் ஒன்றில் கடிதங்கள் தலைகீழாக, கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தெரிகின்றன.
*– பிடோக் வாசகர்*

அது அழுத்தி நகல் எடுக்கும் புத்தகம். கார்பன் தாள் பரவுவதற்கு முன், நகல் மையால் எழுதிய கடிதத்தின்மேல் ஈரமாக்கிய மெல்லிய தாளை வைத்து, இரும்புப் பொறியில் அழுத்துவார்கள். மை ஊடுருவி மறுபக்கத்தில் நேராகத் தெரியும். நீங்கள் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், தாளைத் திருப்புங்கள். அடியில் வெள்ளைத் தாள் ஒன்றைச் செருகிக்கொண்டால் அடுத்த பக்கம் தெரியாமல் தெளிவாகப் படிக்கலாம். எழுத்து பரவியிருந்தால் ஈரம் அதிகம், வெளிறியிருந்தால் ஈரம் போதவில்லை. புத்தகத்தைப் பிரித்து எடுக்க வேண்டாம். முன்பக்கத்தில் பெயர் வரிசை அட்டவணை இருந்தால் அதை முதலில் படம் எடுங்கள்.

ஆலைகளின் மற்ற ஆவணங்களை எங்கே தேடலாம்?
*– கிளமெண்டி வாசகி*

கேனிங் ரைஸிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம், விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள லீ கொங் சியன் மேற்கோள் நூலகம், நூலக வாரியத்தின் இணையவழி நாளிதழ்த் தொகுப்பு மூன்றையும் முதலில் பாருங்கள். நாளிதழில் 'புரூவரி' என்று மட்டும் தேடினால் விளம்பரங்களே குவியும். நிறுவனப் பெயரோடு ஆண்டுக் கூட்டம், பங்கு ஈவு, சுங்கவரி போன்ற சொற்களைச் சேர்த்துத் தேடுங்கள். படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருளான எழுத்துணரி தவறாகப் படித்திருக்கும், எனவே 'ஆர்கிபெலகோ' என்பதைப் பாதியாக வெட்டியும் தேடிப் பாருங்கள். லண்டனுக்குப் போன அரசாங்கக் கடிதங்கள் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் 'சி.ஓ. 273' என்ற வரிசையில் உள்ளன. ஹைனக்கன் நிறுவனத்தின் பழைய ஆவணங்கள் ஆம்ஸ்டர்டாம் நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. டச்சு மொழியில் தேட வேண்டியிருக்கும்.

உங்கள் கட்டை நன்கொடையாகக் கொடுக்க நினைத்தால் நேரே தூக்கிக்கொண்டு போகாமல், தாள்களின் எண்ணிக்கை, முதல் தேதி, கடைசித் தேதி, யாரிடமிருந்து யாருக்கு, நிலைமை ஆகிய விவரங்களோடு முதலில் எழுதிக் கேளுங்கள். தாள் உங்களுடையதாக இருக்கலாம், எழுத்தின் காப்புரிமை எழுதியவருடையது அல்லது அவர் பணியாற்றிய நிறுவனத்துடையது. இணையத்தில் ஏற்றுவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடன் பாக்கி, சம்பளம் பற்றிய கடிதங்களில் தனி மனிதர்களின் பெயர் இருந்தால் வெளியிட வேண்டாம்.

ஜாலான் புக்கிட் மேராவின் ஏ.பி.சி. உணவங்காடி நிலையம் ஆங்கர் ஆலை இருந்த இடமா?
*– குவீன்ஸ்டவுன் வாசகர்*

இல்லை.  ஆங்கர் ஆலை இருந்த இடத்துக்கு ஆங்கர்பாயிண்ட் கடைத்தொகுதியைப் பாருங்கள், பெயரிலேயே ஆங்கர் இருக்கிறது.

1980களின் ஃபேக்ஸ் தாள்கள் பழைய கடிதங்களைவிட வேகமாக மங்குகின்றன. ஏன்?
*– சுவா சூ காங் வாசகர்*

அவை சூட்டில் கறுக்கும் பூச்சுத் தாள்கள். மை கிடையாது. வெளிச்சம், வெப்பம், பி.வி.சி. உறை, பசை, கைக்கிரீம் எதுபட்டாலும் எழுத்து மறையும். உங்கள் கட்டில் வயதில் இளையவை இவைதான் என்றாலும் முதலில் வருட வேண்டியவை இவைதான். இந்த வாரமே செய்துவிடுங்கள். மங்கியதை வண்ணத்தில் வருடிவிட்டு நீலத் தடத்தை மட்டும் தனியே பிரித்து மாறுபாட்டைக் கூட்டினால், கண்ணுக்குத் தெரியாத வரிகளும் பல நேரம் மேலே வரும். தாளை வருடியில் வைத்தபடியே விளக்கை நீண்ட நேரம் எரியவிடாதீர்கள். சூடு ஏறினால் தாள் கறுக்கலாம். வருடிய பிறகு சாதாரணத் தாளில் லேசர் அச்சில் ஒரு பிரதி எடுத்து, மூலத்துக்கு அடுத்தே அதே எண்ணில் வையுங்கள்.